சித்திரைப் புயலைத் தேடிப் போன வழி

1749ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்தில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கடலில் ஒரு பெரும்புயல் வீசியது. செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே நின்ற நாமூர் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் அதில் மூழ்கியது; அந்த ஒரு கப்பலில் மட்டும் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெம்புரோக் என்ற இன்னொரு போர்க்கப்பலும் அப்பல்லோ என்ற மருத்துவக் கப்பலும் அதே புயலில் அழிந்தன. முந்தைய ஆண்டு புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பியிருந்த கடற்படைத் தலைவர் போஸ்காவன், நாமூர் தம்முடைய தலைமைக் கப்பலாக இருந்தும், அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார்.

கடலூரில் பிறந்து, அந்தக் கடற்கரையிலேயே மாலை வேளைகளைக் கழித்து வளர்ந்த எனக்கு இந்தப் புயலைப் பற்றி எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான், இதற்கு முன் இந்தக் கரை எத்தனை புயல்களைக் கண்டிருக்கும் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. பெரியவர்களின் நினைவு இரண்டு தலைமுறைக்கு மேல் போகவில்லை. அதற்கு அப்பால் போக வேண்டுமானால் ஆவணங்களிடம்தான் போக வேண்டும். அந்த ஆவணங்களோ லண்டனிலும் பாரிஸிலும் சென்னை எழும்பூரிலும் கிடக்கின்றன என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். இன்று அவற்றில் பெரும் பகுதியை மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மேசையில் அமர்ந்தபடியே, ஒரு காசு செலவில்லாமல் படிக்கிறேன். அந்த ஒரு புயலைத் தேடிப் போன வழியில் எந்தெந்த இணையச் சேகரிப்புகள் கைகொடுத்தன, அவற்றை எப்படிப் படிக்க வேண்டியிருந்தது, அவற்றில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன்.

முதலில் போனது இன்டர்நெட் ஆர்க்கைவ். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1996இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. இந்தியாவில் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா என்ற திட்டத்தின்கீழ் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்ட நூல்களின் பெரும்பகுதியும் இன்று அங்கேதான் கிடைக்கிறது. நம் மாவட்டத்தைப் பற்றி அறிய விரும்புபவர் அங்கே முதலில் தேட வேண்டியவை இரண்டு: கார்ஸ்டின் 1878இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட தென்னார்க்காடு கெசட்டியரும். பிரான்சிஸின் நூலில் பஞ்சம், புயல், வெள்ளம் போன்ற இடர்களுக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. இறுதி அத்தியாயம் தாலுகா வாரியாக ஒவ்வொரு ஊரையும் எடுத்துச் சொல்கிறது. தம் ஊரின் பெயரை அந்த இறுதி அத்தியாயத்தில் முதன்முறையாகப் பார்ப்பவருக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

கடலூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வழங்கிய குண்டு கிராமங்கள் என்ற பெயருக்கான காரணத்தை நான் முழுமையாகப் படித்ததும் அங்கேதான். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலம் முழுவதும் வாங்கியவருக்கே சேரும் என்று பேசி முடித்தார்கள். அதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்று அனுப்பி வைக்கப்பட்டது. எல்லாத் திசையிலும் சுட்டுப் பார்த்து, குண்டு விழுந்த இடங்களுக்கு உட்பட்ட ஊர்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கடலூர் நகரமும் அப்படித்தான் அவர்கள் கைக்குப் போனது. இதைக் கதையாகக் கேட்டவர்கள் நம் ஊரில் உண்டு. ஆனால் சென்னை ஆவணக் காப்பகம் அச்சிட்டு வெளியிட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பதிவேடுகளும், அவற்றோடு சேர்த்து வெளியான செயின்ட் டேவிட் கோட்டை ஆலோசனைக் குறிப்புகளும் அதே இணையதளத்தில் கிடைக்கும்போது, கேட்ட கதையை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஒரு பள்ளி மாணவருக்குக்கூடக் கிடைக்கிறது.

புயலுக்கு வருவோம். ராபர்ட் ஓர்ம் 1763 முதல் வெளியிட்ட போர் வரலாற்று நூலில்தான் 1749ஆம் ஆண்டுப் புயலின் நில விவரம் கிடைத்தது. கடலில் கப்பல்கள் மூழ்கியதை எல்லா ஆங்கில நூல்களும் சொல்கின்றன. ஓர்ம் கூடுதலாக இன்னொன்றைச் சொல்கிறார்: தஞ்சை அரசுரிமைச் சிக்கலில் தலையிடுவதற்காகக் கோட்டையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலப் படை பரங்கிப்பேட்டைக்கு அருகே பாசறை அமைத்திருந்தபோது அதே புயல் அதைத் தாக்கியது, கூடாரங்கள் கந்தலாயின, வண்டி மாடுகள் பல செத்தன, தளவாடங்கள் பாழாயின. ஆகவே தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரையுள்ள கரை முழுவதும் அந்தப் புயலின் பாதைக்குள் இருந்திருக்கிறது. வழக்கமாக ஐப்பசி, கார்த்திகையில் வரும் புயல் சித்திரையில் இத்தனை கடுமையாக வந்தது என்பது, இந்தக் கரையின் வானிலையைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

ஓர்மின் நூலைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் எஸ் என்ற எழுத்து, சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும், எஃப் போன்ற நீண்ட வடிவில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் அதை எஃப் என்றே படித்துவிடுவதால், கப்பல் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லை அந்த நூலுக்குள் தேடினால் ஒன்றும் அகப்படாது. இல்லையென்று முடிவுகட்டிவிடாமல், அதே நூலின் 19ஆம் நூற்றாண்டு மறுபதிப்பை எடுத்துத் தேடினால் சொல் கிடைத்துவிடும். பிறகு முதற்பதிப்பில் அதே இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர்களுக்கும் இதே பொறுமை வேண்டும். கடலூரைக் கடலூர் என்று தேடினால் பழைய ஆவணங்களில் ஒரு வரியும் வராது. ஆங்கிலேயர் எழுதிய வடிவம் நாம் இன்றும் ரயில் நிலையப் பலகையில் பார்ப்பது. பிரெஞ்சுக்காரர் அதையே கூதலூர் என்று ஒலிக்கும்படி எழுதினார்கள். தேவனாம்பட்டினம் பழைய ஏடுகளில் தேக்னபட்டம் என்று உருமாறியிருக்கும். பரங்கிப்பேட்டைக்குப் போர்ச்சுக்கீசியப் பெயரான போர்ட்டோ நோவோதான் எங்கும். ஊர்க்காரர்கள் மட்டுமே இந்த உருமாற்றங்களை விரைவில் அடையாளம் காண முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திருவந்திபுரம், திருப்பாதிரிப்புலியூர் போன்ற பெயர்களை ஒரு வெளிநாட்டு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பதைப் பார்த்ததும் நம் வாய் தானாக அதைச் சரியாக உச்சரித்துவிடும். இங்கே வாழாத ஆய்வாளர் ஒருவர் அதற்கு ஒரு வாரம் வரைபடத்தோடு போராட வேண்டியிருக்கும்.

பெயரைவிடப் பெரிய சிக்கல் தேதி. 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். பிரெஞ்சுக்காரர் 1582 முதலே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாட்கள் வேறுபாடு. ஆகவே ஆங்கிலப் பதிவேட்டில் 1749 ஏப்ரல் 13 என்றிருக்கும் புயல் நாள், அன்றைக்குப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு எழுத்தரின் ஏட்டில் ஏப்ரல் 24. நம் கணக்கில் அது சுக்கில வருஷத்துச் சித்திரை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் அப்படித்தான்: ஆங்கிலேயருக்கு செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்கு செப்டம்பர் 21, நமக்கு அட்சய வருஷத்துப் புரட்டாசி. போதாததற்கு, அக்கால ஆங்கிலேயரின் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள நிகழ்ச்சிகளுக்கு ஆண்டே மாறித் தெரியும். இந்த மூன்று கணக்குகளையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டால்தான், வெவ்வேறு சேகரிப்புகளில் கிடக்கும் ஆவணங்கள் ஒரே நாளைப் பற்றிப் பேசுகின்றனவா என்பது தெளிவாகும்.

தமிழ்க் கணக்கை நான் சொன்னதற்குக் காரணம் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய தினசரியை அறியாத தமிழ் வாசகர் குறைவு. 1846இல் கலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி அதைக் கண்டெடுத்து வெளியுலகுக்குக் காட்டினார். சென்னை அரசு அச்சகம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அந்தத் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்ட ஒரு நூலை நாம் ஆங்கிலத்தின் வழியே இணையத்தில் எளிதாகப் படிக்கிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம். ஆயினும் அந்தத் தொகுதிகளில் தமிழ் வருஷமும் மாதமும் தேதியும் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் இருப்பதால், மேலே சொன்ன ஒப்பீட்டுக்கு அவை பெரிதும் உதவுகின்றன. இன்ன கப்பல் கரைக்கு வந்தது, இன்ன சரக்கு இன்ன விலைக்குப் போனது, துய்ப்ளே இன்ன நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார், அவர் மனைவி இன்னது சொன்னார் என்று நாள்தோறும் எழுதிக்கொண்டே போகும் அந்த எழுத்தை, ஒரு போரின் முடிவைத் தேடும் அவசரத்தில் படிக்கக் கூடாது. மாதம் மாதமாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பக்கத்துக்குக் கதவு காலிகா. பிரான்ஸ் தேசிய நூலகம் 1997இல் தொடங்கிய இந்த இணைய நூலகத்தில் புதுச்சேரியின் பதினெட்டாம் நூற்றாண்டு நகர வரைபடங்கள் மிகத் தெளிவான படங்களாக இருக்கின்றன. கடலோரத்தில் ஐந்து முனையோடு நின்ற லூயி கோட்டை, அதைச் சுற்றிய தெருக்கள், மேற்கே தமிழர் குடியிருப்புகள் என்று எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்தக் கோட்டை இன்று இல்லை. 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆளுநர் மாளிகைக்கு எதிரே ஆயி மண்டபம் நிற்கும் பாரதி பூங்கா அந்தக் கோட்டை நின்ற நிலத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை அங்கே அழைத்துப் போகிறவர்கள், ஒருமுறை அந்த வரைபடத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும்.

1761 என்றதும் இன்னொரு புயல் குறுக்கே வருகிறது. அந்த ஆண்டின் முதல் நாள், புதுச்சேரியைக் கடல்வழி முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. மூன்று கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர். வேறு மூன்று, நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் பக்கத்துக் கரையில் மோதி உடைந்தன. பட்டினியில் வாடிக்கொண்டிருந்த நகரம் முற்றுகை விலகியது என்று நம்பியது. ஆனால் எஞ்சிய கப்பல்கள் சில நாட்களிலேயே திரும்ப வந்து சூழ்ந்துகொண்டன. அந்த மாதத்தின் நடுவில் பிரெஞ்சுப் படைத் தலைவர் லல்லி சரணடைந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையும் நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அதே ஜனவரியில்தான் காலமானார். இந்தப் புயலை ஆங்கில நூல்களில் படிக்கும்போது அது கடற்படைக்கு நேர்ந்த இழப்பு. முற்றுகைக்குள்ளிருந்து பார்த்தால் வந்து கைநழுவிப் போன மீட்பு. இரண்டு பக்கத்தையும் ஒரே மாலையில் படிக்க முடிகிறது என்பதுதான் இந்த இணையச் சேகரிப்புகள் எனக்குத் தந்த பெரும் பேறு.

புயலை விட்டுச் சற்று விலகி, குடும்ப வரலாற்றுக்கு வருகிறேன். ஏனெனில் புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்கு இதைவிடப் பயனுள்ள சேகரிப்பு வேறொன்று இல்லை. பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நிலப்பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஊர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்தால் பக்கங்கள் திறக்கும். அண்மைக் காலப் பதிவேடுகள் தனியுரிமை கருதிக் காட்டப்படுவதில்லை. புதுச்சேரியில் என் மனைவியின் சித்தி வீட்டுக்கு அடுத்த வீட்டில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். நான் இதையெல்லாம் பார்ப்பதை அறிந்து, "தம்பி, எங்க பாட்டனாரு பேரு அந்தப் பிரெஞ்சுப் பதிவுல இருக்கும்னு சொல்றாங்களே, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்று கேட்டார்.

தேடல் எளிதாக இல்லை. தமிழ்ப் பெயரின் உகரத்தைப் பிரெஞ்சு எழுத்தர்கள் ஓ, யு என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். சகரம் சில இடத்தில் ஒற்றையாகவும் சில இடத்தில் இரட்டையாகவும் வரும். அதோடு, 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, உள்ளூர் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டன. பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் ஆனது அப்படித்தான். ஆகவே அந்த ஆண்டுக்கு முன் ஒரு பெயரிலும் பின் வேறொரு பெயரிலும் ஒரே குடும்பத்தைத் தேட வேண்டும். பல பதிவேடுகளின் இறுதியில் பெயர்ப்பட்டியல் இருப்பதால் முதலில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போவது நல்லது. இப்படித் தேடி அந்த அம்மையாரின் பாட்டனாருடைய பிறப்புப் பதிவை எடுத்தோம். தந்தையின் தொழில், வயது, குடியிருந்த தெரு, சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. அவருக்கு வியப்பைத் தந்தது இவை எதுவுமல்ல. பாட்டனாரின் தாயார் பெயர். அந்தப் பெயர் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வீட்டில் ஆண்வழிப் பெயர்களை மட்டுமே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள். ரீயூனியனுக்கு அதற்கு முன்பே போனவர்கள் உண்டு; மார்த்தினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அங்கே பிறந்து, தம் முன்னோரின் ஊரைத் தேடி இன்று இங்கே வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அந்தத் தீவுகளின் பதிவேடுகளும் இதே காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன.

நம் நாட்டுச் சேகரிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொண்டு, பாரதியாரும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்து உள்துறைக் கோப்புகளைத் தேடலாம். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியார் கைதாகி வைக்கப்பட்டது எங்கள் கடலூர்ச் சிறையில்தான் என்பதால் அந்தக் காலத்தின்மேல் எனக்குத் தனிப்பற்று உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் தொண்டர்களால் வளர்ந்த மதுரைத் திட்டமும், பழைய அச்சு நூல்களைப் பிழைதிருத்தித் தரும் தமிழ் விக்கிமூலமும் தமிழ் வாசகர்கள் நன்கறிந்தவை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து, தமிழகத்தின் வேளாண் வரலாற்று ஆவணங்களையும் பழைய ஸ்டூடியோ ஒளிப்படங்களையும் தனியார் வீடுகளிலிருந்து திரட்டிப் படமெடுத்தது. இது மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, ஏனெனில் அரசாங்கம் எழுதியவற்றைவிட நம் குடும்பங்கள் எழுதி வைத்தவையே அதில் மிகுதி. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் டிஜிட்டல் சேகரிப்புகள் பல மாதக்கணக்கில் கிடைக்காமல் போனபோது, இவற்றையெல்லாம் எவ்வளவு உறுதியானவை என்று நினைத்திருந்தோம் என்று அஞ்சினேன். தேவையான பக்கங்களை உடனே இறக்கி, எந்தத் தளத்தில் எந்தத் தொகுதியில் எத்தனையாவது பக்கம் என்ற குறிப்போடு சேமித்துக்கொள்ளும் வழக்கம் அன்று முதல் எனக்கு வந்தது.

சித்திரைப் புயலின் ஆவணங்களை இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு, அவற்றில் யார் இல்லை என்பது கண்ணில் உறுத்தத் தொடங்கியது. மூழ்கிய கப்பல்களின் பெயர், அவற்றின் தலைவர்களின் பெயர், இறந்த மாலுமிகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. தேவனாம்பட்டினத்து மீனவர் குப்பங்களில் எத்தனை குடிசைகள் போயின, எத்தனை கட்டுமரங்கள் போயின, அன்று கடலுக்குப் போனவர்கள் திரும்பினார்களா என்பது நான் படித்த எந்தப் பக்கத்திலும் இல்லை. துறைமுகமே இல்லாத இந்தக் கரையில், நங்கூரமிட்டு நின்ற ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவர்கள் சலங்கு என்ற படகும் கட்டுமரமும் ஓட்டிய நம் கடலோரத்து மக்கள்தான். அவர்கள் இல்லாமல் ஆங்கிலக் கோட்டைக்கும் பிரெஞ்சுக் கோட்டைக்கும் ஒரு மூட்டைகூட வந்திருக்காது. பதிவேடுகளில் அவர்கள் கூலிக்கணக்காக வருகிறார்கள், அல்லது வேலைக்கு வர மறுத்தார்கள் என்ற புகாராக வருகிறார்கள். அந்தக் கூலிக்கணக்கையும் புகாரையும் ஒதுக்கிவிடாமல் குறித்து வைப்பதுதான் இப்போது என் படிப்பின் பெரும்பகுதி. அவர்களைப் பற்றிக் கிடைக்கும் எழுத்து அவ்வளவுதான் என்னும்போது அதில் ஒரு வரியையும் விட மனமில்லை.

எப்போதாவது ஒரு மனிதர் முழுமையாக வந்து நிற்பதும் உண்டு. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காகப் பிரான்ஸிலிருந்து புறப்பட்ட லெ ஜாந்தி என்ற வானியலாளர், 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போயிருந்ததால் கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்து பார்த்ததைப் பயன்படுத்தவும் முடியாமல், அடுத்த கடப்பு வரை எட்டு ஆண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்கினார். 1769 ஜூன் 4 அன்று, புதுச்சேரியில் இடிந்த கோட்டையின் நடுவே அவர் கட்டிய ஆய்வகத்துக்கு மேலே, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. இந்தத் துயரத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். காலிகாவில் கிடைக்கும் அவருடைய பயண நூலில் எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு: அவர் புதுச்சேரியில் தமிழர்களிடமிருந்து கிரகணக் கணிதத்தைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30இன் சந்திர கிரகணத்துக்குத் தமிழ்முறையில் கணக்கிட்ட கால அளவு, உண்மையான அளவிலிருந்து 41 விநாடி மட்டுமே குறைவாக இருந்தது. அன்றைய ஐரோப்பிய அட்டவணைகளின் பிழை அதைவிட மிகுதி. பின்னர் ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர், தாளில் ஓர் எண்ணையும் எழுதாமல், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே கிரகணத்தைக் கணித்துக் காட்டிய விவரம் இருக்கிறது. அந்தக் கணிதரின் பெயரையும் வாரன் எழுதி வைத்திருக்கிறார். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் யாரேனும் அந்தப் பக்கங்களை எடுத்து, அந்தச் சோழிக் கணக்கைப் படிப்படியாகத் தமிழில் விளக்கி எழுதினால் நம் பிள்ளைகளுக்கு அது பெரும் கொடையாக இருக்கும்.

ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் ஆகியவற்றுக்குப் பிறகு, இப்போது நான்காவதாக டச்சுக்காரரின் கையெழுத்துக்கு வந்திருக்கிறேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தது. பரங்கிப்பேட்டையிலும் அதற்குப் பண்டகசாலை இருந்தது. போரிட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே இருந்து பார்த்துத் தம் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தக் கம்பெனியின் ஆவணங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களைக் கணினியே கையெழுத்திலிருந்து படித்து எழுத்தாக்கியிருக்கிறது. குளோபலைஸ் என்ற நெதர்லாந்துத் திட்டத்தின் தளத்தில் அவற்றுக்குள் சொல்லைத் தட்டித் தேடலாம். 1749ஆம் ஆண்டுக்கான நாகப்பட்டினக் கடிதங்களை இப்போதுதான் திறந்திருக்கிறேன். புயல் அடித்தது கிரிகோரியன் கணக்கில் ஏப்ரல் 24 என்பதால் அதற்குப் பிந்தைய வாரங்களின் கடிதங்களில் தொடங்கி, பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த செய்திகளைத் தனியே எடுத்து வைக்கிறேன். தோணிகள், மீனவர்கள், உப்பளங்கள், கொள்ளிடக் கரையோரத்து ஊர்கள் ஆகியவற்றுக்கு டச்சு எழுத்தர்கள் வழங்கிய சொற்களின் பட்டியல் ஒன்றும் வளர்ந்து வருகிறது. இலவச மொழிபெயர்ப்புக் கருவிகள் இன்றைய டச்சு மொழிக்குப் பழகியவை. பதினெட்டாம் நூற்றாண்டு நடையில் அவை அடிக்கடி தடுக்கி விழுகின்றன. புதுச்சேரியிலோ கடலூரிலோ பழைய டச்சு மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பக்க எண்களோடு எல்லாவற்றையும் அனுப்பி வைக்கிறேன்.